இருபத்தேழு நிமிடம்

மூஹு தீவிலிருந்து கரைக்கு இருபத்தேழு நிமிடம்.
காரோடு கப்பலேறி
கீழ்த்தளத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு
எல்லாரும் காப்பிக்கு மேலே போவார்கள்.
டார்மோவும் நானும் காருக்குள்ளேயே இருப்போம்.
ஹெய்கி வீட்டு மீன்புகை
தலைமயிரில் இன்னும் மணக்கும்.

"கவனித்தாயா, ஒரு வாக்கியம் முடிக்க விட்டானா அவளை?"
"அவள் மட்டும் என்ன,
அவன் ஜோக்கைத் தொடங்கும்போதே
முடிவை நம்மிடம் சொல்லிவிடுகிறாள்."
"கிழங்கில் உப்பில்லை என்று
வந்தவர்கள் முன்னாலா சொல்வது?"
"நாம் அப்படியா?"
"சேச்சே."

அந்தச் சேச்சேயில் அவன் கை
கியரைத் தாண்டி என் முழங்காலுக்கு வரும்.
பதினோரு வருடம், வருடத்துக்கு நாலு தடவை,
இரும்புத் தளத்தில் லாரிகளுக்கு நடுவே
எங்கள் காதல்
அவர்கள் பிசகை மென்று பசியாறியது.

லீவிகாவை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும்.
கருக் கலைந்து நான் கிடந்த மார்ச்சில்
கப்பல் நின்றுபோயிருந்தது.
பனிப்பாதை திறந்த அன்றே
உறைந்த கடல்மேல் காரோட்டி வந்தவள் அவள்.
அந்தப் பாதையில் சீட் பெல்ட் போடக் கூடாது.
பனி உடைந்தால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டும்.
இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்,
என் தலையை வாரிவிட்டபடி.

செப்டம்பரில் பிரிந்துவிட்டார்கள்.
வீடு அவளுக்கு. நாய் அவனுக்கு.
படகு யாருக்கென்று இன்னும் தீரவில்லை.
நாங்கள் யாருக்கு என்பதும்.

போன வாரம் போனோம்.
பழக்கதோஷத்தில் நாலு தட்டு வைத்து
ஒன்றைத் திரும்ப எடுத்தாள் என்றெல்லாம் இல்லை.
மூன்றைச் சரியாக எண்ணித்தான் எடுத்தாள்.
டார்மோ விறகு பிளக்கப் போனதும்
கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்,
கோபமில்லை குரலில்:
"நீங்கள் கையாட்டிவிட்டுப் போனதும்
நாங்கள் இங்கேதான் நின்று கழுவுவோம்.
உன் புருஷன் உனக்குக் கோட்டை விரித்துப் பிடிப்பான் பார்,
முதலில் ஒரு கை, பிறகு மறு கை.
அங்கேதான் எங்களுக்கு ஆரம்பிக்கும்.
'டார்மோவைப் பார்' என்பேன்.
'அவனையே கட்டியிருக்கலாமே' என்பான்.
ஒருதரம் தட்டு உடைந்தது.
நீலக் கோடு போட்டது. நீ தந்தது."

துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தேன்.
எப்படிச் சொல்வது,
எங்கள் வீட்டில் அவன் ஒருநாளும்
எனக்குக் கோட்டுப் பிடித்ததில்லை என்று.
அங்கே, அந்த நடையில்,
அவர்கள் பார்க்கும்போது மட்டும்
எங்கிருந்தோ வரும் அந்த மரியாதை.
நானும் ராணிபோல் முதுகைக் காட்டி நிற்பேன்.
நாலு பேர் பார்க்க வாழ்வது என்பார்கள்.
எங்களுக்கு இரண்டு பேர் போதுமாயிருந்தது.

சொல்லவில்லை.
நீலக் கோட்டுத் தட்டு
இப்போதும் கடையில் கிடைக்கும் என்றேன்.

திரும்பும் கப்பலில் பேச எதுவுமில்லை.
முன்னால் பன்றி ஏற்றிய லாரி.
கம்பிகளுக்கிடையே ஈர மூக்குகள்.
ஒன்பது நிமிடம். பதினாலு.
"நன்றாகத்தான் இருக்கிறாள்."
"ம்."
அடுத்த வீட்டை அளந்தே
என் வீட்டின் நீள அகலம் தெரிந்துகொண்டவள் நான்.
இப்போது கையில் அளவுகோல் இருக்கிறது,
வைத்துப் பார்க்கச் சுவரில்லை.

"மேலே போகலாமா?" என்றான்,
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.
இறங்கினோம். பின்சீட்டிலிருந்து
என் கோட்டை எடுத்து உதறி
விரித்துப் பிடித்தான்.
சுற்றிலும் பார்த்தேன்.
லாரிக்காரர் வாய் பிளந்து தூங்குகிறார்.
பன்றிகளைத் தவிர யாருமில்லை.

யாருக்காக என்று கேட்கவில்லை.
இடது கையை விட்டேன்.
வலது கைக்கான வழி
வெகுநேரம் அகப்படவில்லை.
அவனும் அவசரப்படுத்தவில்லை.